காலா லில்லி: உறங்கும் கிழங்கும் அழுகும் கிழங்கும்

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கத்தில் எங்கள் புரயிடத்தில் (வீட்டுத் தோட்டத்தில்) 40 வண்ணக் காலா லில்லிக் கிழங்குகளை மே மாதம் குரோ பேக்கில் நட்டேன். இலை நன்றாக வந்தது. ஜூனில் மழை பிடித்ததும் மஞ்சளாகிச் சரிந்தன. வாடுகிறதே என்று தண்ணீரும் யூரியாவும் கூட்டிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. கிணற்றடியில் சேம்புக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை ரகம் செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூ அபூர்வம்; வந்ததும் பச்சையாகிவிடுகிறது. மீதியைக் காப்பாற்ற முடியுமா? தோவாளைச் சந்தைக்கு அனுப்பும் அளவுக்கு இதைப் பயிரிடலாமா? – வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அம்மா, முதல் வேலையாகத் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள். மழை விழாத இடத்துக்குப் பைகளை மாற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு பையிலும் விரலால் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்.

வண்ணக் காலாவில் இலை மஞ்சளாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உறக்கம். வெயில் கூடினால், அல்லது பூத்து முடிந்தால், கிழங்கு தானாகவே இலையை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும். அப்போது மூத்த இலையிலிருந்து ஒவ்வொன்றாக, சில வாரங்கள் எடுத்துப் பழுக்கும். கிழங்கு அழுத்தினால் கல்லாக இருக்கும். மற்றொன்று மென் அழுகல். இதில் நேற்று நின்ற செடி இன்று அடியோடு சாயும். தண்டைப் பிடித்து லேசாக இழுத்தாலே வழுவழுவென்று கையோடு வந்துவிடும். கிழங்கின் தோல் முழுசாக இருக்கும், கட்டைவிரலை வைத்தால் உள்ளே கூழாக அமுங்கும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும் அடிக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதைச் செய்வது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. பழைய நூல்களில் எர்வினியா என்று இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். காலாவுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி வரையான குளிர்ச்சி. மே மாதச் சூட்டில் தளர்ந்துபோன கிழங்கின் மேல் இடவப்பாதி மழை (ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை) கொட்டியது, யூரியா திசுவை இன்னும் மெதுமெதுப்பாக்கியது. தழைச்சத்து மிஞ்சினால் இந்த நோய் சுலபமாக ஏறும்.

கூழான கிழங்கை எந்த மருந்தும் மீட்காது. அதைப் பையின் கலவையோடு அள்ளித் தள்ளிப் புதையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அந்தக் கலவையை வேறு செடிக்கும் எடுக்காதீர்கள். ஓரத்தில் மட்டும் கெட்டிருந்தால் நல்ல பகுதி வரைக்கும் வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இது கட்டாயம். வெட்டிய கிழங்கை நிழலில் காற்றாடப் பரப்பி, வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை விட்டுவிடுங்கள். கெட்டியான கிழங்குகளைக் கழுவாமல், மண்ணை உதறி, உலர்ந்த தென்னைநார்க் கழிவில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மெதுவானதை உடனே எடுத்துவிடுங்கள்.

சரி, மறுபடி எப்போது நடுவது? இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. நாள் பார்த்து நடுவதில்தான் பாதி வெற்றி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் வேகம் குறைந்ததும், நவம்பர் கடைசியில் நடுங்கள். மாசியை ஒட்டி, கும்பப்பூ நெல் அறுவடைக்கு ஆள் தேடும் நாட்களில் பூ எடுக்கலாம். ஏப்ரலில் இலை பழுக்கத் தொடங்கும்போது நீரைக் குறைத்து, மே முடிவதற்குள் கிழங்கைத் தோண்டி உள்ளே வைத்துவிடுங்கள். இடவப்பாதி மழைக்கு ஒரு கிழங்கும் மண்ணில் இருக்கக் கூடாது.

கலவைக்குத் தென்னைநார்க் கழிவு, ஆற்று மணல், நன்றாக மக்கிய எரு போதும். பச்சைச் சாணம் வேண்டாம். நம் செம்மண் புளிப்பு கூடியது. கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருக்க வேண்டும், ஆகவே மண்ணைச் சோதித்துத் தேவையான அளவு டோலமைட் (சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) சேருங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து கிழங்கின் திசுவையும் உறுதியாக்கும். கண்கள் மேலே பார்க்க 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் ஒரு பையில் வடியும் நீர் அடுத்ததில் ஏறாது. காலையில் மட்டும், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். 50 சதவீத நிழல்வலையும் அதன் மேல் மழை மறைக்கும் பாலித்தீன் கூரையும் தேவை.

பூ எண்ணிக்கையைக் கூட்ட, நடுமுன் ஜிப்ரலிக் அமிலம் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைக் கொடுப்பது வழக்கம். தூய அமிலம் 1 கிராமைச் சிறிது ஸ்பிரிட்டில் கரைத்து 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). கிழங்குகளை ஒரே வாளியில் முக்காதீர்கள். ஒரு அழுகல் கிழங்கு உள்ளே போனால் மொத்தமும் கெடும். கண்கள் நனையும்படி தெளித்தாலே போதும். 4 செ.மீ. குறுக்களவுக்குக் குறைந்த கிழங்கில் பூ அதிகம் எதிர்பார்க்க முடியாது.

வெள்ளை ரகத்தின் குணமே வேறு. தென்னாப்பிரிக்காவின் ஈர நிலத்துச் செடி அது. கிணற்றடித் தொளி அதற்குச் சுகம்தான். ஊட்டி, கொடைக்கானல் ஓடைக்கரைகளில் தானாகப் பரவிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தக் குளிர் இல்லாததால் பூ குறையத்தான் செய்யும். இருந்தாலும் மூன்று நான்கு மணி நேரம் காலை வெயில் படுகிறதா என்று பாருங்கள். நெருங்கிப் போன தூரைப் பிரித்து நடுங்கள். பூ மூத்தால் பச்சையாவது அதன் இயல்பு. விரியும்போதே பச்சை ஓடினால் தழைச்சத்து மிகை, அல்லது வெளிச்சக் குறைவு. விடியற்காலையில் இலை நுனியில் நீர் சொட்டினால் பயப்படாதீர்கள், வேர் உறிஞ்சிய மிகை நீரை இலை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் சேம்பைப் பக்கத்தில் வைத்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. சேம்பும் சேனையும் காலாவும் ஒரே குடும்பம். சேம்பில் வரும் தேமல் வைரஸை அசுவினிப் பூச்சி காலாவுக்குக் கடத்திவிடும். சேம்பு இலையில் நரம்போரம் இறகு போல வெளிறிய கோடுகள் இருந்தால் அந்தச் செடியை அடியோடு பிடுங்கி அழியுங்கள். எப்படியும் இரண்டையும் தூரமாக வையுங்கள். அசுவினிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு தெளிக்கலாம். சேம்பு போலவே காலாவின் சாறும் அரிக்கும், உள்ளே போனால் வாயும் தொண்டையும் வீங்கும். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். ஆடும் குழந்தைகளும் எட்டாத இடமாக இருக்கட்டும்.

விற்பனைக்கு வருவோம். தோவாளை, பிச்சியும் மல்லியும் அரளியும் எடைபோட்டு வாங்கும் உதிரிப்பூச் சந்தை. காலா தண்டு எண்ணி விற்கும் கொய்மலர். அதை வாங்குபவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பக்கத்து மேடை அலங்காரக்காரர்களும், கல்யாணப் பூச்செண்டும் ஆலயப் பீட அலங்காரமும் செய்பவர்களும்தான். அவர்களிடம் பேசி, என்ன நிறம், எந்த மாதம் என்று கேட்ட பிறகு கிழங்கு வாங்குங்கள். சமவெளியில் ஏக்கர் கணக்கில் போட நான் சம்மதிக்க மாட்டேன். முதல் வருடம் 50 பைக்கு மேல் வேண்டாம். கொய்மலர்தான் முக்கியம் என்றால் நம் ஊர்ச் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் ஆந்தூரியத்தை நிழல்வலையிலும், ஹெலிகோனியாவைத் தென்னைக்கு ஊடேயும் வைத்துவிட்டு, காலாவைப் பக்கத்துணையாக வளருங்கள்.

பூ முழுதாக விரிந்து, நடுக்குச்சியில் மகரந்தம் உதிர்வதற்கு முன் எடுக்க வேண்டும். கத்தி நோயைக் கடத்தும் என்பதால் அடியில் பிடித்துத் திருகி இழுங்கள். நீரில் வைத்தால் தண்டின் அடி பிளந்து சுருளும். வெட்டுமுனையை ஒட்டி ஒரு சுற்று டேப் ஒட்டி, நாலு விரல் தண்ணீரில் மட்டும் நிறுத்துங்கள்.