பொண்ணு "ட்ரெயின் பிளானிங்" படிக்கணும்ங்கிறா, என்ன பண்றது? – திண்டிவனம் அக்காவுக்கு

அக்கா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பொண்ணு பிளஸ் டூ மேத்ஸ் குரூப், மார்க்கும் நல்லா வருது, கூட படிக்கிற அத்தன பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஓடுறப்ப இவ மட்டும் ரயில் எந்த ஊர் வழியா போகணும், எங்க நிக்கணும்னு முடிவு பண்ற வேலைக்கு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, அவங்கப்பா "டிக்கெட் கவுன்டர்ல உக்கார்றதுக்கா இவ்ளோ படிப்பு"ன்னு கத்துறார். அதான மேட்டர்?

அவ நோட்ட போட்டோ எடுத்து அனுப்புனீங்கள்ல, அத பாத்து நான் கொஞ்சம் ஆடிப்போயிட்டேன். செங்கல்பட்டுல சித்தி வீட்டுக்கு பாசஞ்சர்ல போறப்பல்லாம் தன் பெட்டியில ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எத்தன பேரு ஏறுனாங்க எறங்குனாங்கன்னு எழுதி வெச்சிருக்கா. ஒலக்கூர் ஏறுனது 4, எறங்குனது 1. மேல்மருவத்தூர் எறங்குனது 31, அதுல செவப்பு டிரெஸ் 22. பக்கத்துலயே பென்சில்ல "இவங்க கோயிலுக்கு, தினமும் வர மாட்டாங்க"ன்னு ஒரு குறிப்பு. அக்கா, இந்த ஒரு வரி இருக்கே, இதுதான் அந்த வேலையே. யாரு எங்கருந்து எங்க போறா, எதுக்கு போறா, தினமும் போறாளா எப்பவாவதா, இத தெரிஞ்சுக்கத்தான் கன்சல்டன்சி கம்பெனிங்க ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், டோல்கேட்னு ஆள் நிறுத்தி சர்வே எடுக்குறாங்க. யாரும் சொல்லிக்குடுக்காம அவளாவே அத பண்ணியிருக்கா.

அண்ணன்கிட்ட, அதான் பொண்ணோட அப்பாகிட்ட சொல்லுங்க, ரயில்வே வேலைன்னா ஆர்ஆர்பி எக்ஸாம், டிடிஆர், ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் இல்ல. ஒரு புது லைன் வரணும்னா தண்டவாளம் போடுறதுக்கு பல வருஷம் முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடும், எவ்ளோ பேரு வருவாங்கன்னு கணக்கு போடணும், எந்த வழியா போனா நிலம் கம்மியா எடுக்கணும், எவ்ளோ வீடு போகும், ஏரி குறுக்க வருதா, மண்ணு எப்படி, செலவு எவ்ளோ, டிக்கெட் எவ்ளோ வெச்சா கட்டுப்படி ஆகும், இதெல்லாம் சேத்துத்தான் டிபிஆர்னு ஒரு குண்டு ரிப்போர்ட் வரும். சிவில் இன்ஜினியர், டவுன் பிளானர், புள்ளியியல் ஆளு, பொருளாதாரம் படிச்சவங்க, சுற்றுச்சூழல் ஆளுங்கன்னு ஒரு கும்பலே வேணும் அதுக்கு.

நம்ம நாட்டுல இப்ப இதுக்கு கண்ணு முன்னாடி இருக்குற உதாரணம் டெல்லி–மீரட் லைன். 82 கிலோமீட்டர், மத்திய அரசும் நாலு மாநிலமும் சேந்து 2013-ல ஆரம்பிச்ச என்சிஆர்டிசி-ங்கிற கம்பெனி கட்டுனது, 2019-ல அடிக்கல், 2023 அக்டோபர்ல முதல் 17 கிலோமீட்டர் ஓடுச்சு. மணிக்கு 160 வேகம். ஆனா மொத்த தூரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்னுதான் கணக்கு வெச்சிருக்காங்க. 160-ல போற வண்டி ஏன் 82 கிலோமீட்டருக்கு இவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பொண்ணுகிட்ட கேட்டுப் பாருங்க, சொல்லிடுவான்னு நினைக்கிறேன். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பிரேக் போட்டு, நின்னு, திரும்ப வேகம் எடுக்கணும்ல. ஸ்டாப்ப கூட்டுனா நேரம் போகும், கொறைச்சா சின்ன ஊர்க்காரன் கோவப்படுவான். அங்க என்ன பண்ணாங்கன்னா, மீரட் ஊருக்குள்ள லோக்கலா போறவங்களுக்கு அதே தண்டவாளத்துலயே மெட்ரோ வண்டியும் விடுறாங்க, அது எல்லா ஸ்டாப்லயும் நிக்கும், வேகமான வண்டி முக்கியமானதுல மட்டும் நிக்கும். கான்க்ரீட்டு ஊத்துறதுல இல்லக்கா சாமர்த்தியம், இப்படி யோசிக்கிறதுல இருக்கு.

நம்ம பக்கமும் பேச்சு இருக்கு. 2025 தமிழ்நாடு பட்ஜெட்ல இதே மாதிரி 160 வேக ரயிலுக்கு சாத்தியம் இருக்கான்னு ஆய்வு பண்ண மூணு வழி அறிவிச்சாங்க: சென்னை–செங்கல்பட்டு–திண்டிவனம்–விழுப்புரம் 167 கிலோமீட்டர், சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் 140, கோயம்புத்தூர்–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185. உங்க ஊரு பேரு அதுல இருக்கு பாருங்க. ஆய்வுன்னா ஆய்வுதான், நாளைக்கே ரயில் வந்துடாது. ஆனா ஆய்வுக்கும் ஆளு வேணும்ல.

புல்லட் ட்ரெயின் பத்தி கேட்டீங்க. மும்பை–அகமதாபாத், 508 கிலோமீட்டர், 12 ஸ்டேஷன், 320 வேகம், பெரும்பகுதி ஜப்பான் கடன். 2017 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனப்ப உங்க பொண்ணு மூணாவதோ நாலாவதோ படிச்சிருப்பா, அந்த வேலை இன்னும் நடந்துட்டே இருக்கு. இந்த மாதிரி லைன்ல சட்டுனு வளைக்க முடியாது. 1964-ல ஜப்பான்ல முதல்ல போட்ட டோக்கியோ–ஒசாகா லைன்ல வளைவோட ஆரம் 2,500 மீட்டர், அடுத்து போட்ட சான்யோ லைன்ல வேகம் கூட்டணும்னு 4,000 ஆக்குனாங்க. அவ்ளோ பெரிய வளைவுன்னா நெனச்ச ஊருக்குள்ள எல்லாம் நுழைய முடியாது, சில ஸ்டேஷன் ஊருக்கு வெளியதான் வரும், அப்ப அங்கருந்து பஸ் யார் விடுறது? சென்னைக்கு வெளிய கிளாம்பாக்கத்த பாத்தோம்ல, 2023 கடைசியில வெளியூர் பஸ் ஸ்டாண்ட் தொறந்தாச்சு, பக்கத்துல ரயில் ஸ்டேஷன் அப்ப ரெடியாகல, ஜனம் லக்கேஜோட அல்லாடுச்சு. எத முன்னாடி எத பின்னாடின்னு யோசிக்கிறதும் இவ வேலைதான்.

சரி, படிப்புக்கு வருவோம். என் கருத்து, டிகிரில சிவில் எடுக்கட்டும், நல்ல காலேஜ்ல. "ரயில்வே இன்ஜினியரிங்"னு தனி பேரு போட்டு விக்கிற கோர்ஸ் வேண்டாம், அடிப்படை டிகிரி இருந்தா நாளைக்கு ரோடு, மெட்ரோ, போர்ட்டுன்னு எங்க வேணா திரும்பிக்கலாம். சிவில் புடிக்கலன்னா பி.பிளான்னு ஊர் திட்டமிடல் டிகிரி ஒண்ணு இருக்கு, ஜேஇஇ மெயின்ல பேப்பர் 2பி எழுதி டெல்லி, போபால், விஜயவாடால இருக்குற எஸ்பிஏ-ங்கிற மத்திய அரசு பிளானிங் காலேஜ்ல சேரலாம், பல பேருக்கு இப்படி ஒரு பேப்பர் இருக்குறதே தெரியாது. வதோதரால கதி சக்தி பல்கலைக்கழகம்னு போக்குவரத்துக்குனே மத்திய அரசு யுனிவர்சிட்டி, பி.டெக்குக்கு ஜேஇஇ மெயின் மார்க்தான். மேல படிக்க கேட்-னு (GATE) இன்ஜினியரிங் மேற்படிப்பு நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல டிரான்ஸ்போர்டேஷன் எடுக்கலாம். கேட் ஸ்கோர் நல்லா இருந்தா பொதுத்துறை கம்பெனிங்க நோட்டிஃபிகேஷன் போடுறப்பவும் உதவும். யுபிஎஸ்சி இன்ஜினியரிங் சர்வீசஸ் இன்னொரு வழி, கஷ்டம்தான், ஆனா கதவு தொறந்துதான் இருக்கு.

காலேஜ் சேந்ததும் எக்செல், அப்புறம் க்யூஜிஐஎஸ்னு ஒரு மேப் சாஃப்ட்வேர், காசு இல்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம், கொஞ்சம் பைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலியேன்னு அண்ணன் வருத்தப்படுறார்ல, பயணிகள் கணக்கு போடுறதே இன்னைக்கு பாதி கம்ப்யூட்டர் வேலைதான்னு சொல்லுங்க.

இப்ப கசப்பானது. இந்த துறையில ப்ராஜெக்ட் நிக்கும், தள்ளிப்போகும், செத்தும் போகும். கேரளால சில்வர்லைன்னு திருவனந்தபுரம்–காசர்கோடு 530 கிலோமீட்டர் பிளான், கிட்டத்தட்ட 64,000 கோடி, ரிப்போர்ட் எல்லாம் ரெடி. 2022-ல வீட்டு வாசல்ல நிலத்த அளந்து அடையாளத்துக்கு மஞ்ச கல்லு நட வந்தப்ப ஜனம் புடுங்கி எறிஞ்சுது, இன்னைக்கு வரைக்கும் ஒரு தண்டவாளம் போடல. ஸ்டாண்டர்டு கேஜ்ல, அதாவது நம்ம வழக்கமான தண்டவாளத்த விட கம்மியான அகலத்துல போடுறதால இருக்குற ரயிலோட சேராதுன்னு இன்ஜினியர்களே எதிர்த்தாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். உங்க பொண்ணு மூணு வருஷம் ராப்பகலா போட்ட ரிப்போர்ட் அலமாரியில தூங்கலாம், அத தாங்குற மனசு வேணும். மொதல்ல கன்சல்டன்சில கான்ட்ராக்ட் வேலையாத்தான் கிடைக்கும், சாஃப்ட்வேர்ல போன கூட்டாளிங்க சம்பளத்தோட ஒப்பிட்டா ஆரம்பத்துல வயிறு எரியும்.

இன்னொண்ணு, என்கிட்ட வந்த ஒரு பையன் "ஹைஸ்பீடு ரயில் சர்டிபிகேட்"னு ஒரு இடத்துல லட்சக்கணக்குல கட்டிட்டு வந்தான், இடத்தோட பேரு வேண்டாம். சுவத்துல புல்லட் ட்ரெயின் படம், கிளாஸ்ல பவர்பாயின்ட், கடைசில ஒரு லேமினேட் பேப்பர், எந்த இன்டர்வியூலயும் அத யாரும் கேக்கல. "நேரா ரயில்வேல போஸ்டிங்"னு எவனாவது பணம் கேட்டா போன கட் பண்ணிடுங்க.

பொம்பள புள்ள, சைட்டுக்கு போகணுமே, வடக்க போகணுமேன்னு பயந்தீங்க. சர்வேக்கும் சைட்டுக்கும் போகத்தான் வேணும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிளானிங்ல பெரும்பாலான நேரம் ஆபீஸ், மேப், மீட்டிங். ஒரு ரெண்டு வருஷம் வெளியூர்ல இருந்தா என்ன ஆயிடப்போகுது அக்கா, ஐடிக்கு போனா மட்டும் பெங்களூரு அனுப்ப மாட்டீங்களா?

வர்ற ஞாயித்துக்கிழம அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, பேசுவோம். அதுக்குள்ள பொண்ண ஒரு திங்கக்கிழம காலையில ஆறுலருந்து எட்டு வரைக்கும் திண்டிவனம் ஸ்டேஷன்ல உக்காந்து சென்னை பக்கம் ஏறுறவங்கள எண்ண சொல்லுங்க, அடுத்த நாள் அதே நேரம் பஸ் ஸ்டாண்ட்ல. அண்ணனும் கூட போகட்டும், ஒருத்தர் எண்ண ஒருத்தர் எழுத ஆளு வேணும். வர்றப்ப அந்த பழைய நோட்ட மறந்துடாதீங்க.