1600 ± 30 என்ற எண்ணிலிருந்து ஒரு கல்லறையின் காலத்தைச் சொல்வது எப்படி?

கேள்வி: தென் இங்கிலாந்தில், ரோமானியர் காலத்தில் மதில் சூழ்ந்த சிறுநகரமாக இருந்து இன்று ஆற்றங்கரைக் கிராமமாகச் சுருங்கிவிட்ட ஓர் ஊரில் வசிக்கிறேன். மதிலுக்கு வெளியே 1980களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் அருங்காட்சியகக் கிடங்கில் உள்ளன. எல்லாம் கிழக்கு மேற்காகக் கிடத்தப்பட்டவை. பெரும்பாலானவற்றுடன் பொருள் எதுவும் இல்லை. எங்கள் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நிதி திரட்டி ஒருவரின் எலும்பை ஆய்வகத்துக்கு அனுப்பியது. "1600 ± 30 பி.பி., கி.பி. 410–545, 95%" என்று அறிக்கை வந்தது. நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு 11.9, கார்பன் ஐசோடோப்பு அளவு −20.2 என்றும் அதில் உள்ளது. கண்காட்சிப் பலகையில் "கி.பி. 478" என்று எழுதலாம் என்கிறார் ஒருவர், "கடைசி ரோமானியர்" என்று எழுதலாம் என்கிறார் மற்றொருவர். இன்னும் மூன்று மாதிரிகளுக்குப் பணம் இருக்கிறது. எந்த எலும்புகளை அனுப்ப வேண்டும்? பலகையில் என்ன எழுதலாம்?

பதில்: இரண்டையுமே எழுத வேண்டாம். 478 என்ற ஆண்டு அறிக்கையில் எங்கும் இல்லை. அது இரு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைத்த எண் மட்டுமே. "ரோமானியர்" என்பது காலத்தைப் பற்றியதன்று, அடையாளத்தைப் பற்றிய கூற்று; கார்பன்-14 (இறந்தபின் எலும்பில் சீராகச் சிதைந்து குறையும் ஒரு கார்பன் வகை) அதைச் சொல்லாது. கையிலுள்ள பணத்தைச் செலவிடும் முன், வந்திருக்கும் எண்ணை நன்றாகப் படித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதில் கவனிக்காமல் விடப்பட்ட செய்தி ஒன்று இருக்கிறது.

1600 என்பது நாட்காட்டி ஆண்டு அன்று. எலும்பின் கொலாஜன் என்னும் புரதத்தில் எஞ்சியுள்ள கார்பன்-14-இன் அளவை, உலக ஆய்வகங்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட மரபின்படி, 5568 ஆண்டு அரைவாழ்வை (அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) வைத்து, 1950-ஐத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு கணக்கிட்ட எண் அது; பி.பி. என்றால் '1950-க்கு முன்' என்று பொருள். உண்மையான அரைவாழ்வு ஏறத்தாழ 5730 ஆண்டுகள் என்பது பின்னால் தெரியவந்தும் பழைய எண்ணையே தொடர்வதற்குக் காரணம், முன்பு வெளியான அளவீடுகளோடு ஒப்பிடும் வசதி கெடக்கூடாது என்பதுதான். வளிமண்டலத்தில் கார்பன்-14-இன் அளவு எல்லா ஆண்டும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே இந்த எண்ணை, ஆண்டு தெரிந்த மரவளையங்களின் அளவீடுகளைக் கொண்டு வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டே நாட்காட்டி ஆண்டுகளாக மாற்ற வேண்டும். வடகோளத்துக்கு இப்போது நடைமுறையில் உள்ளது 2020-இல் வெளியான இன்ட்கால்20 என்னும் வளைகோடு. ± 30 என்பது ஒரு திட்டவிலக்கம். உண்மையான அளவு அந்த எல்லைக்கு வெளியே இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அந்த வளைகோடு ஏறக்குறைய கி.பி. 430 முதல் 530 வரை மெல்லச் சரியும் ஒரு சமதளமாக ஓடுகிறது. அதாவது 440-இல் இறந்தவரும் 520-இல் இறந்தவரும் ஏறத்தாழ ஒரே ரேடியோகார்பன் (கார்பன்-14) எண்ணைத் தருவார்கள். உங்கள் அறிக்கையின் எல்லைகள் இவ்வளவு அகன்றிருப்பதற்கு ஆய்வகத்தின் கவனக்குறைவு காரணமில்லை. அளவீட்டின் பிழையை 30-இலிருந்து 20-ஆகக் குறைத்தாலும் பெரிய மாற்றம் வராது. தொல்லியலாளருக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் நூற்றாண்டும் துரதிருஷ்டவசமாக இதுவேதான். பிரிட்டனுக்குப் புதிய ரோமானிய நாணயங்கள் வந்துகொண்டிருந்தது கி.பி. 402-ஐ ஒட்டி நின்றுபோனது. பெரிய மட்பாண்டத் தொழிற்கூடங்களும் அடுத்த சில பத்தாண்டுகளில் ஓய்ந்தன. நாணயமும் பானை ஓடுகளும் காலம் சொல்லாத இடைவெளியில் கார்பனும் தெளிவாகப் பேசுவதில்லை. பொருள் இல்லாத கிழக்கு மேற்குப் புதைகுழியோ ரோமானியர் காலத்தின் இறுதியிலும் உண்டு, அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளிலும் உண்டு, கிறித்தவம் வேரூன்றிய பின்னர் 7, 8-ஆம் நூற்றாண்டுகளிலும் உண்டு. தலை மேற்கில் இருக்கிறது என்பதை வைத்து யாராவது காலம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, கவனிக்காமல் விடப்பட்ட செய்திக்கு வருகிறேன். அறிக்கையிலுள்ள ஐசோடோப்பு அளவுகள் ஒருவர் என்ன உண்டார் என்பதைக் காட்டுபவை. நைட்ரஜன் அளவு 11.9 என்பது சற்று உயரம். ஒருவர் உண்ட விலங்குகளின் அளவைவிட அவருடைய எலும்பில் பொதுவாக 3 முதல் 5 அலகு வரை கூடுதலாக இருக்கும். தென் இங்கிலாந்தில் ஆடு மாடுகளின் அளவு பெரும்பாலும் 5, 6 என்ற அளவில் இருப்பதால், 11.9-ஐ விளக்க இறைச்சியும் பாலும் மட்டும் போதுமா என்ற ஐயம் எழுகிறது. கார்பன் அளவு −20.2 என்பது கடல்மீனை மறுக்கிறது. ஆனால் ஆற்றுமீனை மறுக்கவில்லை, ஏனெனில் நன்னீர் மீனின் கார்பன் அளவு நிலத்து உணவின் அளவோடு கலந்துபோகும், சில வேளை அதைவிடவும் தாழ்ந்திருக்கும். சுண்ணாம்புப் பாறைமேல் ஓடும் ஆறுகளில், கார்பன்-14 அறவே இல்லாத பழங்காலச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அதை உட்கொண்டு வளரும் நீர்ச்செடிகளும் மீன்களும் பிறக்கும்போதே "வயதானவை". அவற்றை உண்டவரின் எலும்பும் உண்மைக்கு முற்பட்ட எண்ணைக் காட்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: எலும்பின் கார்பனில் பத்தில் ஒரு பங்கு மீனிலிருந்து வந்ததாகவும், அந்த மீன் 500 ஆண்டு பழமையைக் காட்டுவதாகவும் கொண்டால், 1600 என்பது உண்மையில் 1550 ஆக வேண்டியது. அப்போது காலத்தின் மேல் எல்லை ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் போய்விடும். "கடைசி ரோமானியர்" என்று பலகையில் இடம்பெறவிருந்தவர் ஆறாம் நூற்றாண்டின் ஜஸ்டீனியன் பேரரசரின் காலத்தவராக மாறிவிடக்கூடும்.

இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதன்று. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் கரையில் உள்ள டார்செஸ்டரும் உங்கள் ஊரைப் போன்ற மதில் சூழ்ந்த ரோமானியச் சிறுநகரமே. 630களில் பிரினஸ் ஆயர் அங்கே தம் ஆயர்பீடத்தை நிறுவியதாகப் பீட் என்னும் எட்டாம் நூற்றாண்டுத் துறவி வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அதன் அருகே குவீன்ஃபோர்டு ஃபார்ம் என்னும் இடத்தில் ரோமானிய வழக்கப்படி அமைந்த பெரிய இடுகாடு ஒன்றும், சிறிது தொலைவில் பெரின்ஸ்ஃபீல்டில் ஆயுதங்களும் அணிகலன்களும் வைத்துப் புதைத்த ஆங்கிலோ-சாக்சன் (ரோமானியருக்குப் பின் வடகடல் கடந்து வந்த மக்களின் வழக்கம்) இடுகாடு ஒன்றும் உள்ளன. 1987-இல் வெளியான அளவீடுகளைக் கொண்டு, குவீன்ஃபோர்டு இடுகாடு ஆறாம் நூற்றாண்டு வரை பயன்பாட்டில் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அப்படியானால் உள்ளூர் மக்களும் வந்தேறிகளும் ஒரே காலத்தில், அருகருகே, தத்தம் வழக்கப்படி இறந்தோரைப் புதைத்திருக்கிறார்கள் என்றாகிறது. 2009-இல் கேத்தரின் ஹில்ஸும் டாம்சின் ஓ'கானலும் புதிய அளவீடுகளை எடுத்து, உணவினால் வரும் பிழையையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தபோது அந்தப் படம் கலைந்தது. இரண்டு இடுகாடுகளும் ஒரே காலத்தவை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. இரண்டிலும் புதைக்கப்பட்டவர்களின் உணவும் வேறுபட்டிருந்தது. ஆனாலும் அந்த ஆய்வு, ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் தடயம் இரு இடுகாடுகளிலும் தென்படவில்லை என்றும் கூறியது. காலவரிசையைத் திருத்தியதால் "யார் இவர்கள்" என்ற கேள்விக்கு எளிய விடை கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மூன்று மாதிரிகளில் ஒன்றை இந்த உணவுப் பிழையைச் சோதிப்பதற்கே ஒதுக்குங்கள். அதே மனிதரின் குழியில் அவருடன் வைக்கப்பட்ட ஆட்டெலும்பு இருந்தால், அதுதான் மிகச் சிறந்த மாதிரி. புல் மேய்ந்த ஆட்டுக்கு மீன் பிழை கிடையாது, எனவே இரண்டுக்கும் இடையில் தெரியும் வேறுபாடே பிழையின் அளவு. ஆனால் அந்த எலும்பு மூட்டோடு மூட்டாகப் பொருந்தியபடி கிடந்ததா என்பதை அகழாய்வுக் குறிப்பேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள். ரோமானிய நகரைச் சுற்றியுள்ள மண் முழுவதும் பழைய சமையலறைக் கழிவு. குழியை மூடிய மண்ணோடு விழுந்த ஓர் ஒற்றை எலும்புத்துண்டு அந்த அடக்கத்துக்கு 200 ஆண்டு முந்தியதாகவும் இருக்கலாம். கரித்துண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் பழைய மரத்தின் வயதும் சேர்ந்துகொள்ளும்.

மற்ற இரண்டு மாதிரிகளுக்கு, பார்வைக்கு நன்றாக இருக்கும் எலும்புக்கூடுகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய வரைபடங்களை விரித்துவைத்து, ஒரு புதைகுழி மற்றொன்றை வெட்டிக்கொண்டு செல்லும் இடத்தைத் தேடுங்கள். முடிந்தால் ஏற்கெனவே அளந்த மனிதரின் குழியோடு தொடர்புடைய குழிகளாகவே இருக்கட்டும். எது முந்தியது, எது பிந்தியது என்பது மண்ணிலேயே எழுதப்பட்டிருப்பதால், அந்த வரிசையைக் கணினிக்குச் சொல்ல முடியும். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஆக்ஸ்கால் போன்ற மென்பொருள்கள் பேய்சிய முறையில் (முன்பே தெரிந்த செய்தியை அளவீட்டோடு சேர்த்து வாய்ப்பைக் கணக்கிடும் முறை) மண்ணடுக்கு வரிசையையும் ரேடியோகார்பன் எண்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, வரிசைக்குப் பொருந்தாத ஆண்டுகளின் வாய்ப்பைக் குறைத்துவிடும். சமதளத்தில் சிக்கிய காலங்களைப் பிரித்தெடுக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. அலெக்ஸ் பெய்லிஸும் ஜான் ஹைன்ஸும் உடனுழைத்தவர்களும் 2013-இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், உயர்துல்லிய அளவீடுகளையும் கல்லறைப் பொருள்களின் வரிசையையும் இம்முறையில் இணைத்துத்தான், பொருள் வைத்துப் புதைக்கும் ஆங்கிலோ-சாக்சன் வழக்கம் 670, 680களிலேயே முடிந்துபோனது என்ற முடிவுக்கு வந்தார்கள். நான்கு அளவீடுகளைக் கொண்டு அந்தத் துல்லியத்தை நீங்கள் எட்ட முடியாது. ஆனால் அளவீடுகளை வரிசைப்படுத்தாமல் வெறுமனே அடுக்கிப் பார்ப்பதன் ஆபத்தைத் தவிர்க்கலாம். ஒரே ஆண்டில் இறந்த பத்துப் பேரை அளந்தாலும், புள்ளியியல் சிதறலால் அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பரவிக் கிடப்பது போலத் தோன்றும். "இடுகாடு 200 ஆண்டு பயன்பட்டது" என்று சொல்லும் பழைய அறிக்கைகள் பலவற்றை இந்தக் கண்ணோடு மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

எலும்பைத் தேர்வதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. வளர்ந்தவரின் தொடையெலும்பில் உள்ள கொலாஜன் மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. முதியவர் ஒருவரின் தொடையெலும்பு அவர் இறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கார்பனையும் சுமந்திருக்கும். பத்து வயதுக்கு மேல் இருபதுக்குள் இறந்தவரின் எலும்பு கிடைத்தால் அந்த இடைவெளி மிகச் சிறியதாகிவிடும். தாய்ப்பால் குடித்த சிறுகுழந்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவர்களின் நைட்ரஜன் அளவு இயல்பாகவே உயர்ந்திருப்பதால் மீனுக்கான சோதனை குழம்பிப்போகும். ஏறத்தாழ ஒரு கிராம் திண்ணெலும்பு போதும். உட்காதைச் சூழ்ந்துள்ள கடினமான எலும்பைத் தொடவே வேண்டாம். அது மரபணு ஆய்வுக்கு விலைமதிப்பற்றது. 1980களில் உடைந்த எலும்புகளைப் பசை பூசி ஒட்டிவைப்பது வழக்கமாக இருந்தது. அந்தப் பசை பெட்ரோலியத்திலிருந்து வந்ததானால் எலும்பைப் பழையதாகவும், விலங்குப் பசையானால் புதியதாகவும் காட்டும். பளபளப்பு தெரியும் துண்டை அனுப்பாதீர்கள். வேறு வழியில்லையென்றால் பசை பற்றி ஆய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அறிக்கை வந்ததும் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இருக்கிறதா, கொலாஜன் அளவு எலும்பின் எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

1980களின் அகழாய்வு என்பதால் பழைய ரேடியோகார்பன் எண்களும் கோப்பில் இருக்கக்கூடும். அவற்றின் நாட்காட்டி ஆண்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூல பி.பி. எண்ணை எடுத்து இன்றைய வளைகோட்டில் மறுபடி கணக்கிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகம் 1980 முதல் 1984 வரை எடுத்த அளவீடுகளில் முறையான பிழை இருந்ததை அந்த ஆய்வகமே பின்னர் கண்டறிந்து திருத்தி வெளியிட்டது. உங்கள் எண் அந்தக் காலத்ததானால் திருத்திய எண்ணைத் தேடிப் பயன்படுத்துங்கள். குழியில் ரோமானிய நாணயம் ஏதாவது கிடைத்திருந்தால், அடக்கம் அந்த நாணயம் அச்சானதற்குப் பிற்பட்டது என்பது மட்டுமே உறுதி. ஆங்கிலோ-சாக்சன் பெண்கள் பழைய ரோமானிய நாணயங்களில் துளையிட்டுக் கழுத்தணியாக அணிந்ததும் உண்டு.

பலகைக்கு இப்போதைக்கு இப்படி எழுதலாம்: "இவர் கி.பி. 410-க்கும் 545-க்கும் இடையில் இறந்திருக்க 95 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. ஆற்றுமீன் மிகுதியாக உண்டவராக இருந்தால், இன்னும் சில பத்தாண்டுகள் பிற்பட்டவராக இருக்கலாம். பிரிட்டனில் ரோமானிய ஆட்சி 410-ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது." எல்லைகளை 5 அல்லது 10 ஆண்டுகளுக்கு வெளிப்புறமாக முழுமையாக்குவதே வழக்கம், 412 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும். ஆய்வக எண்ணையும், மூல பி.பி. எண்ணையும், பயன்படுத்திய வளைகோட்டின் பெயரையும் பலகையின் அடியில் சிறிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த வளைகோடு வெளியாகும்போது வேறொருவர் மறுபடி கணக்கிட அதுவே போதும்.

எலும்பை வெட்டுவதற்கு அருங்காட்சியகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வெட்டும் முன் படமெடுத்து, அளந்து, அந்த எலும்பில் நோய்க்குறி ஏதும் இல்லை என்பதை எலும்பியல் அறிந்த ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மிஞ்சிய கொலாஜனைத் திருப்பி அனுப்பும்படி ஆய்வகத்திடம் முதலிலேயே கேட்டுவைத்தால், கந்தக ஐசோடோப்பு போன்ற அடுத்த சோதனைகளுக்காக இன்னொரு முறை அந்த எலும்பை வெட்ட வேண்டியிருக்காது.