பழைய சீகல் மோட்டாரை வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கழிமுகம் ஒன்றின் கரையில் வசிக்கிறேன். என்னிடம் பத்தடிச் சிறு படகு உள்ளது. பழைய பொருள் சந்தையில் 1960களின் பிரிட்டிஷ் சீகல் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சின்) ஒன்றைக் கண்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. அது ஓடுமா என்பது விற்பவருக்கே தெரியவில்லை. வாங்கலாமா?

பதில்: பழுதுபார்ப்பதில் ஆர்வமிருந்தால் தாராளமாக வாங்கலாம், கரை சேர அதை மட்டுமே நம்பியிருப்பீர்கள் என்றால் வேண்டாம்.

1931-இல் வுல்வர்ஹாம்ப்டனில் தொடங்கி, பின்னர் டோர்செட்டின் பூல் நகருக்கு இடம் மாறி, 1990களின் நடுப்பகுதி வரை தயாரான இந்த மோட்டார்களின் மீது பலருக்கும் உள்ள பிரியத்துக்கு அவற்றின் எளிமையே காரணம். ஒற்றை சிலிண்டர், பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ, பிளைவீல் எனும் மேல் சக்கரத்தில் சுற்றி இழுக்கும் கயிறு என அனைத்தும் கண்ணெதிரே திறந்து கிடக்கின்றன. படகைத் தள்ளும் நீருக்கடி விசிறி கல்லில் மோதினால் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள அதன் தண்டில் ஒரு சுருள்வில்லைப் பொருத்தியிருப்பதை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

வாங்குமுன் பிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் அழுத்தம் நன்றாகத் தடுக்க வேண்டும். தடையே இல்லையென்றாலோ, இறுகி அசையவே இல்லையென்றாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். தீப்பொறி வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம், பெரும்பாலும் மேக்னெட்டோவின் பாயின்ட்டுகளை (மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் தொடுமுனைகளை) சுத்தம் செய்தாலே போதும். கியர் பாக்ஸ் எண்ணெய் பால்போல் கலங்கியிருப்பதும் இவ்வகை மோட்டாரில் வழக்கமானதே. அதைக் காட்டி விலையைக் குறைக்க முயல்வது நியாயமாகாது. உப்பு அடைத்த குளிர்நீர்க் குழாய்தான் உண்மையான கவலை. ஆகவே, தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் ஓட்டிக் காட்டச் சொல்லி, குளிர்நீர் வெளியேறுகிறதா என்று பாருங்கள். தண்ணீரின்றி ஓட்ட விடாதீர்கள். எஞ்சினில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் தயாரான ஆண்டையும் உரிய உதிரிப் பாகங்களையும் கண்டறியலாம். பாகங்கள் பிரிட்டனில் இன்றும் கிடைக்கின்றன.

அக்கால மாடல்கள் பல, பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கேட்பவை. புகையும் நீரில் படியும் எண்ணெய்ப் படலமும் அதனால் வருபவையே; பறவைகள் கூடும் கழிமுகத்தில் இதை அன்றாடம் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. பல மாடல்களில் நியூட்ரல் கிடையாது, கயிற்றை இழுத்துக் கிளப்பியதுமே படகு நகரத் தொடங்கிவிடும். எனவே முன்னால் போதிய இடம் விட்டு, பிளைவீலுக்கு அருகில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிளப்புங்கள். துடுப்புகள் எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.