மனித உரிமைகளில் முதுகலை படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: சமூகவியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். மனித உரிமைகளில் முதுகலை படிக்க ஆசை. சட்டம் படிக்காதவர்களுக்கு அந்தத் துறையில் இடமில்லை என்கிறார்கள். இந்தப் பட்டம் வேலை வாங்கித் தருமா?

பதில்: பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. அதற்காக, சட்டம் படிக்காதவர்களுக்கு இடமில்லை என்பதையும் நம்பிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் உங்கள் கனவு என்றால், முதலில் சட்டம் படியுங்கள். மனித உரிமை முதுகலை அந்தத் தகுதியைத் தராது. ஆனால் இந்தத் துறையின் அன்றாட வேலையில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையாகப் பேசி வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதை மற்ற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும், நாடுகள் ஏற்றுக்கொண்ட எந்த மனித உரிமை உடன்படிக்கையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று காட்டி அறிக்கை எழுத வேண்டும். மக்களிடம் பேசவும் கேட்கவும் சமூகவியல் உங்களுக்கு ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. உடன்படிக்கைகளைப் படிக்கும் முறையை முதுகலை தரும்.

ஐ.நா. வேலையை எண்ணித்தான் பலர் இதில் சேர்கிறார்கள். அங்கே தொழில்முறைப் பணிகளின் தொடக்கமான பி-2 நிலைக்குப் பொதுவாக முதுகலைப் பட்டத்தோடு 2 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். இளங்கலை மட்டும் உள்ளவர் மேலும் 2 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். ஆக, அங்கே உங்கள் பட்டத்தின் மதிப்பு 2 ஆண்டு அனுபவம். மீதியை நீங்கள்தான் உழைத்துச் சேர்க்க வேண்டும். ஐ.நா. செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு (இன்டர்ன்ஷிப்) ஊதியம் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை இருக்கும் மற்ற இடங்களைப் பலர் கவனிப்பதில்லை. தேசிய மனித உரிமை அமைப்புகள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் பாரிஸ் கோட்பாடுகளை 1993-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது; அவற்றை ஒட்டிப் பல நாடுகளில் இயங்கும் தேசிய மனித உரிமை ஆணையங்களுக்குப் புகார்களை விசாரிக்க ஆட்கள் தேவை. வணிக நிறுவனங்களும் இப்போது ஆள் தேடுகின்றன. வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா. வழிகாட்டுக் கோட்பாடுகள் 2011-இல் வந்தன; 2017-இல் பிரான்சும், பிறகு ஜெர்மனியும், பொருள்களைத் தயாரித்துத் தரும் விநியோகச் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களைக் கண்காணிக்கும் கடமையைப் பெரு நிறுவனங்கள்மீது சட்டமாகவே சுமத்தின. தொழிலாளர் நிலைமையை நேரில் அறிந்தவருக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு.

படிக்கும் காலத்தில் என் கண்ணுக்கு மிக முக்கியமானது ஆய்வேடுதான். மதிப்பெண்ணுக்காக எழுதி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாடு, சித்திரவதை, குழந்தைகள் உரிமை என ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் ஒரு ஐ.நா. குழு உண்டு. அரசுகள் தரும் அறிக்கைகளை அவை ஆராயும்போது, தொண்டு நிறுவனங்கள் போன்ற குடிமைச் சமூக அமைப்புகள், அரசு சொல்லாததைச் சொல்லும் தங்கள் சொந்த அறிக்கையை, அதாவது நிழல் அறிக்கையை, அனுப்பலாம். அப்படி அனுப்பும் ஓர் அமைப்போடு சேர்ந்து தலைப்பைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பக்கங்கள் உண்மையான ஒரு விசாரணைக்குப் பயன்படும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுத்து மாதிரி கேட்பார்கள், அதையே கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் அடையாளமும் வெளிவராமல் காப்பது மட்டும் உங்கள் முதல் கடமையாக இருக்கட்டும்.

சிரமங்களும் உண்டு. தொண்டு நிறுவனப் பணிகள் பல, திட்ட நிதி முடிந்ததும் முடிந்துவிடும். வன்முறைக் கதைகளை நாள்தோறும் கேட்பது மனத்தை அரிக்கும். உளவியல் ஆதரவு தரும் நிறுவனமா என்று நேர்காணலிலேயே தயங்காமல் கேளுங்கள்.

சேரும் முன் அந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத் துறைக்கு எழுதி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: அண்மையில் படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? பாடத்திட்டத்தில் களப்பணி கட்டாயமா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அதற்குப் பதிலாக, ஓராண்டு களத்தில் வேலை செய்துவிட்டு வேறு இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.