இடுப்பெலும்பை எடுத்து முழங்கையில் வைத்தால் நடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. பைக்கிலிருந்து விழுந்ததில் இடது முழங்கை பிசகி, ஒரு எலும்புத் துண்டும் உடைந்தது. மூட்டை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார்கள். நான்கு மாதம் ஆகியும் கையை நீட்டினால் மூட்டு நழுவுகிறது. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்புறம் நடக்க முடியுமா? பேசாமல் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நடப்பீர்கள், பெரும்பாலும் மறுநாளே. எடுப்பது பெல்ட் உட்காரும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் விளிம்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு. உடல் பாரம் அந்த விளிம்பு வழியாக இறங்குவதில்லை. ஆனால் சில வாரம் வலிக்கும். முழங்கையைவிட இடுப்புதான் படுத்துகிறது என்று சொல்பவர்களும் உண்டு. தொடையின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகவும் கூடும்.

உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. எழுதியதை வைத்துச் சொல்கிறேன். முன்கை எலும்பின் மேல்நுனி ஸ்பேனரின் வாய் மாதிரி இருக்கும். மேல்கை எலும்பின் உருளையைக் கவ்விப் பிடிப்பது அதுதான். மேசையில் ஊன்றும்போது படுகிற முட்டி அதன் பின்தாடை. முன்தாடை சின்னது, கொரோனாய்டு என்று பெயர். மூட்டு பிசகும்போது உருளை இடித்து உடைவது பெரும்பாலும் இதுதான். பாதிக்கு மேல் போய்விட்டால் முன்கையைப் பின்னால் சரியாமல் தடுக்க எலும்பு இல்லை. பழைய துண்டு இத்தனை நாளில் கரைந்தோ உருமாறியோ போயிருக்கும். அதனால்தான் புதிதாக ஒரு தாடை செதுக்கி ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள்.

சொந்த எலும்பை உடம்பு அந்நியமாகப் பார்க்காது. உயிருள்ள செல்களும் கூடவே வருவதால் ஒட்டுவது எளிது. இடுப்பெலும்பில் ஒரு குறை, மூட்டு வழுக்கி அசைய உதவும் குருத்தெலும்பு அதன்மேல் கிடையாது. முன்கையின் இன்னொரு எலும்பான ரேடியஸின் தலையும் நொறுங்கி, எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், அதிலிருந்தே குருத்தெலும்போடு ஒரு துண்டு கிடைக்கும். முழங்கை முட்டியின் நுனியிலிருந்தும் எடுப்பதுண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். கிழிந்த தசைநார்களையும் அதே ஆபரேஷனில் சரிசெய்வார்களா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். அதை விட்டுவிட்டு எலும்பை மட்டும் வைத்தால் மூட்டு மறுபடி நழுவலாம்.

செயற்கை மூட்டு இந்த வயதில் வேண்டாம் என்பேன். வைத்தால் ஒரு தடவைக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆயுசுக்கும் உண்டு. ஒரு குடம் தண்ணீர்கூட அந்தக் கையால் தூக்க முடியாது. குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்த வயதானவர்களுக்கு அது சரி.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் உங்கள் வேலை. முழங்கை சீக்கிரம் விறைத்துப்போகிற மூட்டு. டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து, அவர் சொன்ன அளவுக்குள் மடக்கி நீட்டிப் பழக வேண்டும். முழுதாக நீளாவிட்டாலும் கவலை வேண்டாம். நேராக நீட்டிய கையை 0 என்று வைத்தால், 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்க வந்தாலே சாப்பிட, தலைவார, சட்டை போடப் போதும். வீட்டில் யாராவது எண்ணெய் தடவி நீவி விடுகிறேன் என்று வந்தால் கையைக் கொடுக்காதீர்கள். அழுத்தி நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடக்கூடும். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள், ஒட்டெலும்பு சேர விடாது. சுண்டுவிரல் மரத்தாலோ, காயத்தில் சீழ் தெரிந்தாலோ, அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.