எனக்குப் பாட வராது, பேச வராது. தேவன் எனக்கு என்ன தாலந்து தந்திருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். மத்தேயு 25-இல் இயேசு சொல்லும் உவமையில், எஜமான் தன் ஊழியக்காரரிடம் ஒப்படைக்கும் தாலந்து திறமை அல்ல, பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு). ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, ஒன்றே ஒன்று வாங்கி அதை மண்ணில் புதைத்து வைத்த ஊழியக்காரன் கையிலும் சுமார் இருபது வருடக் கூலி இருந்தது! அதைப் புதைத்ததற்குக் காரணம் பயம் என்று அவனே சொல்கிறான்.

மைக் பிடிக்கிறவர்களுக்குத்தான் வரம், அதாவது தேவன் தரும் திறமை, உண்டு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ரோமர் 12-இல் பவுல் தரும் பட்டியலில் பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும்கூட இருக்கின்றன. யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் ஒரு கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், மரம் என்று வேலை செய்தவர்.

எங்கள் சபையில் ஒரு அக்கா உண்டு. மேடை ஏறியதே இல்லை. யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் திங்கட்கிழமை போன் வந்துவிடும்: "என்ன தம்பி, காய்ச்சலா?" அது ஒரு வரம் என்று அவருக்கே தெரியாது, நாங்கள்தான் சொன்னோம். நீங்களும் உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஆன்லைன் வினாத்தாள்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அப்புறம் வளர்ப்பது. வரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். விறகடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும், ஒரு தடவை ஊதினால் போதாது. ஓய்வுநாள் பள்ளி வகுப்போ, காணிக்கைக் கணக்கோ, ஒரு சின்னப் பொறுப்பை ஆறு மாதம் செய்யுங்கள். சரிப்படவில்லையா, வேறொன்றுக்கு மாறுங்கள்.