சிவப்பு ஐசியும் குடியரசுத் தலைவர் மனைவியும் (கடிதம்)

அண்ணா வணக்கம்,

போன வாரம் இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த கே. ஆர். நாராயணனைப் பற்றி எழுதியபோது, அவர் மனைவி உஷா பர்மாவில் பிறந்தவர் என்று ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். நான் புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து பதினான்கு வருஷம். இன்னும் சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. குடியுரிமை விஷயமாக வெள்ளன கிளம்பிப் போய் வரிசையில் நின்றபோதுதான் உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெரிய இடத்து மருமகள் என்றால் எந்த நாடும் கதவைத் திறந்துவிடும், இல்லையா? அப்படியும் உஷா தன் பேரை ஏன் மாற்றிக்கொண்டார்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெரிய இடமெல்லாம் இல்லை. கேரளத்து உழவூரில், பீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட தலித் வீட்டுப் பையன் நாராயணன். ரங்கூன் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்தபோதுதான் மா டின்ட் டின்ட்டை, அதாவது பிற்பாடு உஷாவானவரை, சந்திக்கிறார். இந்திய வெளியுறவு அதிகாரி வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டக்கூடாது என்று அப்போது விதி. நேரு தனி அனுமதி கொடுத்த பிறகுதான் 1951 ஜூன் 8 அன்று டெல்லியில் கல்யாணம். அவர்கள் ராஷ்டிரபதி பவனுக்குக் குடிபோனது 1997இல், அதாவது 46 வருஷம் கழித்து. ஆனாலும் நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அவர்கள் பைல் பிரதமர் மேசை வரை போனது, உங்கள் பைல் எந்த மேசையில் இருக்கிறது என்பதே தெரியாது. நம் மலேசிய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவைப் படித்தால், குடிமகனின் மனைவி விண்ணப்பத்துக்கு முன் இரண்டு வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கவுன்டரில் அந்த இரண்டு எப்படிப் பதினான்காகிறது என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

சரி, பேர் விஷயம். பர்மியர்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, கல்யாணமானாலும் பெண் பேர் மாறாது, 'மா' என்பது இளம்பெண்களின் பேருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொல். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர், உஷா என்ற புதுப் பேரையும், அதற்குப் பின்னால் கணவர் பேரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார், இந்தியக் குடியுரிமையும் வாங்கினார். மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நம் நாட்டில் கதை வேறு: எத்தனை வருஷமானாலும் ஐசியில் நாம் இன்னார் மகள், இன்னார் மகன்தான். என் பாட்டி பேர் அஞ்சலை. ரப்பர் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தில் அவர் சாகும்வரை ஆபீசில் 'அஞ்சாலி'தான். யாரும் அவரைக் கேட்டு மாற்றவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தெய்ன் பே மியின்ட் என்ற பர்மிய எழுத்தாளரின் சிறுகதைகளை உஷா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், கணவர் குடியரசுத் தலைவராக இருந்தபோதே 1998இல் அது புத்தகமாக வந்தது. டெல்லிக்கு வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு, பேர் மாறி, பாஸ்போர்ட் மாறி, சேலைக்கும் மாறியான பிறகும் கதை படிக்கிற பாஷை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் விடியற்காலையைச் சொல்ல 'வெள்ளன' என்று இருந்ததைத் திருத்தாமலே போட்டிருக்கிறேன். பாட்டி ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறபோது அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார். இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அது வாயில் வருவதில்லை.

அன்புடன்,
அண்ணன்